கணவர் உயிரோடு இருக்கிறார், ஆனால் வீட்டில் இல்லை: பிள்ளைகளுக்கு அரசு உதவி கிடைக்குமா?

கேள்வி: எனக்கு 32 வயது. தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம். கட்டட வேலைக்கென்று பெங்களூரு போன கணவர் நான்கு வருடமாக வீட்டுக்கு வரவில்லை. அங்கே வேறு குடும்பம் இருப்பதாகக் கேள்வி. விவாகரத்து ஆகவில்லை. மகள் ஒன்பதாவது, மகன் ஆறாவது, இருவரும் அரசுப் பள்ளி. கடைசிப் பெண்ணுக்கு நாலு வயது, அங்கன்வாடிக்குப் போகிறாள். நூறு நாள் வேலையும் காட்டுக் கூலியும்தான் வருமானம். மகளிர் உரிமைத்தொகை வருகிறது. பக்கத்து ஊரில் அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு மாதம் 4,000 வருகிறதாம். இன்னொரு வீட்டில் 2,000 வருகிறதாம். நான் போய்க் கேட்டால், "புருஷன் உயிரோட இருக்கானே, டைவர்ஸ் பேப்பர் கொண்டா" என்கிறார்கள். இ-சேவை மையத்தில் ஒருவர், "காணாமப் போயிட்டார்னு எழுதிடலாம்" என்கிறார். வருமானச் சான்றில் 84,000 என்று வந்திருக்கிறது. அண்ணன், மகளைப் பதினொன்றாவதுக்குத் தனியார் பள்ளியில் சேர்க்கிறேன் என்கிறார். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

சகோதரிக்கு,

"டைவர்ஸ் பேப்பர்" என்ற சொல்லுக்குப் பயந்து நின்றுவிடாதீர்கள். நீங்கள் கேள்விப்பட்ட அந்த 4,000 ரூபாய்க்கு விவாகரத்துத் தீர்ப்பு கட்டாயமில்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 45, தாய் விதவையாக இருந்தாலும், மணமுறிவு பெற்றவராக இருந்தாலும், குடும்பத்தால் கைவிடப்பட்டவராக இருந்தாலும் பிள்ளைக்கு நிதி ஆதரவு தரலாம் என்கிறது. மூன்றாவது வகை உங்களுடையது. கேட்கிற இடத்தில் இதைச் சொல்லத் தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

மிச்சப் பாதி, தப்பான அலுவலகத்துக்குப் போவதால் வருவது. இதில் உங்கள் பிழை எதுவுமில்லை, பெயர்கள் அப்படி. தாலுகா அலுவலகத்தில் "சமூகப் பாதுகாப்புத் திட்டம்" என்று பலகை போட்ட தனி வட்டாட்சியர் இருப்பார். அவர் ஓய்வூதியம் பார்ப்பவர். மாவட்டத் தலைநகரில் "சமூகநலத் துறை" அலுவலகம் இருக்கும். அங்கே தையல் இயந்திரம், பெண் குழந்தைத் திட்டம் போன்றவை. நீங்கள் போக வேண்டியது இந்த இரண்டும் அல்ல, "மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு". இது முன்பு "சமூகப் பாதுகாப்புத் துறை" என்ற பெயரிலிருந்து இப்போது "குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை" ஆகியிருக்கும் துறையின் கீழ் வருகிறது. ஒரே மாதிரி ஒலிக்கும் மூன்று பெயர். படித்தவர்களே மாற்றிப் போய் நிற்கிறார்கள். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் 1098க்கு அழைத்துக் கேளுங்கள். அது குழந்தைகளுக்கான இலவச உதவி எண். கொடுமை நடந்தால்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை.

அங்கே கேட்க வேண்டிய திட்டத்தின் பெயர் மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு. 2022 வழிகாட்டுதல்படி ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. கிராமத்தில் இருப்பவர்களுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 72,000க்குள் இருக்க வேண்டும். மற்ற இடங்களில் 96,000. பக்கத்து ஊரில் வரும் 4,000 இதுவாகத்தான் இருக்கும். 2,000 என்பது தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள். அது பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவர் கைவிட்டுப் போன, சிறையில் இருக்கிற, மாற்றுத்திறனாளியாக இருக்கிற, உயிர்க்கொல்லி நோயில் கிடக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கும் உள்ளது. உங்கள் வீட்டில் யாரும் இறக்கவில்லை என்பதால் அது பொருந்தாது. அதற்காகச் செலவழிக்கும் பஸ் காசு வீண்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் வருமானச் சான்றோடு போனால், 84,000 என்ற ஒரே எண்ணில் விண்ணப்பம் படுத்துவிடும். ஆகவே அதை முதலில் பார்ப்போம். பெரும்பாலும் நடப்பது இது: விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்பவர் அப்பா, அம்மா இருவருக்கும் தொழிலும் வருமானமும் கேட்கும் கட்டங்களை நிரப்புகிறார். கணவர் பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறது, எனவே "கூலி, மாதம் இவ்வளவு" என்று அவர் கணக்கும் சேர்ந்துவிடுகிறது. வராத மனிதனின் வருமானம் உங்கள் பிள்ளையின் தட்டிலிருந்து கழிக்கப்படுகிறது.

சரிசெய்ய, ஒரு தாளில் கடந்த 12 மாதத்துக்கு எழுதுங்கள்: நூறு நாள் வேலை எத்தனை நாள், வங்கிக் கணக்கில் வந்தது எவ்வளவு (பாஸ்புக்கில் பதிவு போட்டால் தெரியும்), காட்டுக் கூலி மாதம் எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, ஆடு மாடு இருந்தால் அதன் வரும்படி. குறைத்து எழுதாதீர்கள். வீட்டு விசாரணைக்கு வருபவர் கூட்டிப் பார்ப்பார். உண்மைக் கணக்கு 72,000க்குள் வந்தால், வட்டாட்சியருக்கு ஒரு மனு: "பிரிந்து போன கணவரின் வருமானம் தவறாகச் சேர்க்கப்பட்டுள்ளது, சான்றை ரத்து செய்து புதிதாக விண்ணப்பிக்க அனுமதிக்க வேண்டும்." இந்தக் கணக்குத் தாளை இணையுங்கள். அதற்குப் பிறகு இ-சேவையில் மறு விண்ணப்பம். கட்டணம் 60 ரூபாய். "சமர்ப்பி" அழுத்தும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, கணவர் வருமானக் கட்டம் என்ன சொல்கிறது என்று மகளை வாசிக்கச் சொல்லுங்கள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை, நன்றாகவே வாசிக்கும்.

ஆனால் கிராம நிர்வாக அலுவலர் இதை ஏற்க, கணவர் உங்களோடு இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்பார். அதனால் வருமானச் சான்றுக்கு முன்பே, அல்லது அதோடு சேர்த்து, "கணவரால் கைவிடப்பட்ட பெண்" என்ற சான்றுக்கு விண்ணப்பியுங்கள். இதுவும் இ-சேவை வழியாக, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போகிற சான்றுதான். உங்கள் வழக்கில் அச்சாணி இது ஒன்றுதான். உங்களைப் போன்றவர்கள் திட்டத்தின் பெயரைத் தேடிக்கொண்டே மாதங்களைக் கழிக்கிறார்கள். திட்டங்கள் எங்கும் ஓடிவிடாது. தனியாக இருக்கிறோம் என்று சொல்லும் காகிதம் இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது.

இந்தச் சான்று எங்கே சிக்கும்? விண்ணப்பம் வெறும் ஆதாரும் ரேஷன் அட்டையும் மட்டும் வைத்துப் போயிருக்கும். இரண்டிலும் கணவர் அதே முகவரியில் இருப்பார். "ஆவணப்படி சேர்ந்து வாழ்கிறார்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே பிரிவுக்கு உங்கள் தரப்பு ஆதாரத்தை நீங்களே உண்டாக்க வேண்டும். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். வழக்குப் போட விருப்பமில்லை என்றாலும், கணவர் எந்த மாதம் முதல் வரவில்லை, பணம் அனுப்புவதில்லை என்பதை எழுதிக் கொடுத்து ரசீது கேட்கலாம். அடுத்தது பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம்: சேர்க்கைக்கும் பெற்றோர் கூட்டத்துக்கும் தாய் மட்டுமே வருகிறார் என்று இரண்டு வரி. பிறகு அக்கம்பக்கத்தில் இருவர், உறவினர் அல்லாதவர்கள், விசாரணையின்போது சொல்லத் தயாராக இருக்க வேண்டும். திருமணப் பத்திரிகை அல்லது புகைப்படம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவை திருமணத்துக்கான ஆதாரம். பத்திரிகை கிடைக்கவில்லை என்றால் பிறப்புச் சான்றில் இருக்கும் தந்தை பெயரே போதும் என்று வாதிடுங்கள்.

எல்லா இடத்திலும் ஒரே தேதியைச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் நாலு வருடம், கிராம நிர்வாக அலுவலரிடம் அஞ்சு வருடம் என்றால், பொய் சொல்லாத உங்களையே சந்தேகப்படுவார்கள். இடையில் அவர் எப்போதாவது வந்திருந்தால், பணம் அனுப்பியிருந்தால், அதையும் சொல்லிவிடுங்கள். ஒரு பொங்கலுக்கு வந்து போனதால் கைவிடவில்லை என்று ஆகிவிடாது. மறைத்து, பக்கத்து வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்தால்தான் சங்கடம்.

"காணாமல் போய்விட்டார்" என்று எழுதச் சொன்னவரின் பேச்சை அடியோடு விட்டுவிடுங்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். காணாமல் போனவர் இறந்ததாகக் கொள்ள ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இருந்திருக்கக் கூடாது, அதையும் நிரூபிக்க வேண்டும். பொய்ச் சான்று வெளிப்பட்டால் உதவி நிற்பதோடு, வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், வழக்கும் வரலாம். எழுதிக் கொடுத்தவர் பெயர் அந்தக் காகிதத்தில் எங்கும் இருக்காது. உங்கள் கையெழுத்து இருக்கும்.

ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவராக உங்கள் பெயரை மாற்றுவதை இணைய வழியாகவே செய்யலாம். அதைச் சான்றுக்காகக் காத்திராமல் இன்றே செய்யுங்கள். கணவர் பெயரை நீக்குவது அடுத்த கட்டம். கைவிடப்பட்டவர் சான்று வந்ததும் அதை வைத்து வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுங்கள்.

சான்று இரண்டும் கைக்கு வந்தபின் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கான விண்ணப்பம். மூன்று பிள்ளைகளுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். யாருக்கு, எத்தனை பேருக்கு என்று முடிவு செய்வது மாவட்ட ஒப்புதல் குழு. நாமே ஒருவருக்கு என்று குறைத்துக் கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆதார், பிறப்புச் சான்று, புகைப்படம், வங்கிப் பாஸ்புக் நகல். மூத்த இருவருக்கும் பள்ளியில் படிப்பதற்கான சான்று, கடைசிப் பெண்ணுக்கு அங்கன்வாடிப் பணியாளரிடம் ஒரு கடிதம். பொதுவாக உங்கள் ஆதார், ரேஷன் அட்டை, வருமானச் சான்று, கைவிடப்பட்டவர் சான்று. மூன்று கட்டாகப் பிரித்து நூலில் கட்டிக் கொண்டு போங்கள். கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தர மறுத்தால், அதே மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். அங்கே எண் போட்டுத்தான் வாங்குவார்கள். இந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. "ஃபாரம்" என்று ஜெராக்ஸ் கடையில் விற்பதையோ, "முடித்துத் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பவரையோ நம்ப வேண்டாம்.

பிறகு அலகிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து சமூக விசாரணை அறிக்கை எழுதுவார். அரசு கொடுத்த டிவியை எடுத்து ஒளித்து வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். அவர் பார்க்க வருவது பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, சாப்பிடுகிறதா, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை. கூலிக்குப் போகும் நாட்களில் சின்னவளை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும். "பெரியவள் லீவு போட்டுப் பார்த்துக்கொள்வாள்" என்பது உண்மையானால், பதிலை மாற்றுவதைவிட வழக்கத்தை மாற்றுங்கள். உதவி கிடைத்த பிறகும் வருகைப்பதிவைப் பார்ப்பார்கள். தொடர்ந்து பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு இந்த உதவி நின்றுபோகலாம். ஒன்பதாவதில் இருக்கும் பெண் பிள்ளைகள் படிப்பை விடுவது பெரும்பாலும் பரீட்சையில் தோற்று அல்ல, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்துதான்.

பணம் வராமல் போகும் இன்னொரு இடம் வங்கி. ஒப்புதல் ஆகியும் வரவில்லை என்று வரும் புகார்களில், கணக்கில் ஆதார் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக இணைக்கப்படாமல் இருப்பதும் ஒரு முக்கியக் காரணம். ஆதார் நகலைக் கொடுப்பது வேறு, இணைப்பது வேறு. "ஆதார் சீடிங் செய்ய வேண்டும்" என்று எழுதிக் கொடுத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பிள்ளைக்கு இரண்டு கணக்கு இருந்தால் கடைசியாக எதில் இணைத்தீர்களோ அதில்தான் பணம் விழும். பள்ளியில் திறந்த பழைய கணக்கு இரண்டு வருடம் வரவு செலவு இல்லாமல் கிடந்தால் முடங்கியிருக்கலாம், வங்கியில் அடையாள ஆவணங்களைக் கொடுத்து உயிர்ப்பியுங்கள். சிறுவர் கணக்கு திறக்க "அப்பா கையெழுத்து வேண்டும்" என்று எந்த வங்கியாவது சொன்னால், தாயைப் பாதுகாவலராக வைத்துக் கணக்கு திறக்க ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது என்று மேலாளரிடம் சொல்லுங்கள். சின்னவளுக்கு ஐந்து வயது ஆனதும் ஆதாரில் கைரேகை, கண் பதிவு செய்ய வேண்டும், பெரியவளுக்குப் பதினைந்து ஆனதும் மறுபடி. 5 முதல் 7, 15 முதல் 17 வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. இதைத் தவறவிட்டால் பின்னால் சரிபார்ப்பில் சிக்கல் வரும்.

இன்னொன்று: பணம் மாதாமாதம் தேதி தவறாமல் வரும் என்று எண்ணி, அதை நம்பிச் சீட்டோ குழுக் கடனோ எடுக்காதீர்கள். சில மாதங்கள் சேர்ந்து வருவது உண்டு.

உங்களுக்கான ஓய்வூதியத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்வார்கள். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான மாத ஓய்வூதியத்துக்கு வயது 30 ஆகியிருக்க வேண்டும், பிரிந்து குறைந்தது ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றப் பிரிவுச் சான்று வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. "டைவர்ஸ் பேப்பர்" கேட்டவர் இந்த விதியை நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கலாம். அதைப் பிள்ளைகளின் உதவிக்கும் பொருத்திவிட்டார். அந்த ஓய்வூதியம் 2023இல் 1,200 ரூபாய் ஆக்கப்பட்டது. அதே ஆண்டு 1,000 ரூபாயாகத் தொடங்கிய உரிமைத்தொகையையும் இதையும் ஒருவரே பெற விதி இடம் தரவில்லை. அந்தத் தொகைகளின்படி பார்த்தால் கூடுதலாகக் கிடைப்பது 200 ரூபாய். அதற்காக இப்போது நாள் கூலியை விட்டுவிட்டு அலைவது கட்டுப்படியாகாது. தையல் தெரிந்தால் சமூகநலத் துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். 20 முதல் 40 வயது, கைவிடப்பட்டவர்களுக்கும் உண்டு. முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் ஆண் பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் பொருந்தாது.

ஜீவனாம்சம் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. மூன்று பிள்ளைகளுக்கும் சோறு போடும் கடமை அவருக்கு இன்னும் இருக்கிறது. பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 144இன் கீழ் (முன்பு 125 என்று எல்லோரும் சொன்னது) உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாதப் பணம் கேட்டு, நீங்கள் வசிக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். பெங்களூரு போக வேண்டாம், விவாகரத்தும் கேட்க வேண்டாம். அவருக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் இடைக்கால மனுவை இயன்றவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வக்கீல் பீஸ் பயம் வேண்டாம்: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. தாலுகா நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், அல்லது 15100க்கு அழையுங்கள். அவர் வேலை செய்யும் மேஸ்திரி பெயர், இடம், அவருடைய போன் எண், எது கிடைக்கிறதோ சேர்த்துக் கொடுங்கள். நோட்டீஸ் சேராமல்தான் இந்த வழக்குகள் கிடப்பில் கிடக்கும். உத்தரவு வந்தும் பணம் தராவிட்டால், பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். "பாவம், தருவார்" என்று இரண்டு வருடம் பொறுத்தால் பழைய பாக்கியை இந்த வழியில் வசூலிக்க முடியாமல் போகும். பணமே வராவிட்டாலும், வழக்கு எண் போட்ட மனுவின் நகல் நீங்கள் கேட்கும் கைவிடப்பட்டவர் சான்றுக்கு நல்ல ஆதாரம்.

பிள்ளைகளின் படிப்பில் இரண்டு தேர்வுகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு இந்த ஆண்டே: ஒன்பதாம் வகுப்பு கிராமப்புற மாணவர்களுக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வு. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர், பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய். தொகை சிறியது, தேர்வு எழுதிப் பழகுவது பெரியது. மகனுக்கு எட்டாவதில்: தேசிய வருவாய் வழி மற்றும் திறன் தேர்வு. தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000. இரண்டுக்கும் வருமானச் சான்று வேண்டும், அதனால்தான் அதைச் சரியாக வாங்கச் சொல்கிறேன். விண்ணப்பத் தேதியை வகுப்பாசிரியர் சொல்வார் என்று விடாதீர்கள், காலாண்டுத் தேர்வு நேரத்தில் நீங்களே போய்க் கேளுங்கள்.

கடைசியாக அண்ணன் சொல்வது. அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குத்தான் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் வந்தது. பிறகு அரசு உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவியருக்கும் நீட்டினார்கள். தனியார் சுயநிதிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்தால் அது போய்விடும். மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடும் போய்விடும். அந்த இரண்டு வருடக் கட்டணத்தைவிட இழப்பு பெரிது. பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் அவள் விரும்பும் பாடப்பிரிவு இல்லையென்றால், அது உள்ள வேறு ஊர் அரசுப் பள்ளியும் அரசு விடுதியும் பாருங்கள். அண்ணனுக்குப் பணம் செலவழிக்கத்தான் வேண்டுமென்றால், கடைக்குட்டி பெயரில் நீங்கள் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கி, அதில் போடப் பணம் கொடுக்கச் சொல்லுங்கள். பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் போட்டால் போதும். பெரியவளுக்கு அந்த வயது தாண்டிவிட்டது.